நாலாம் மாடி வரைக்கும் ஒரு தூக்கம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மில்லைப் பற்றி எழுதும்போது எனக்கு இவ்வளவு கூச்சம் இருக்கவில்லை. அது நான் நின்று வேலை பார்த்த இடம். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத நான் யார்? பத்தாவதோடு நிறுத்தியவன். மாத்திரைச் சீட்டைக்கூட மருந்துக்கடைக்காரர் படித்துச் சொன்னால்தான் புரியும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் டாக்டர்களையும் சிஸ்டர்களையும் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரக் கட்டுரையை மில் மூடியதோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு என்ன வேலைக்குப் போனீர்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டப் போனேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அது ஒன்றுதான் அப்படி, மற்றதெல்லாம் ஒழுங்கு என்று ஆகிவிடும். இப்போது நான் அங்கே இல்லை, என்னை வேலைக்கு வைத்த ஏஜென்சிக்காரர்கள் வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால்தான் எழுத முடிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கோபத்தோடு எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை.

தறிச் சத்தம்

ஒரு காலை நேரம். லிஃப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்ததும் நான்காம் மாடி பெண்கள் வார்டு சிஸ்டர் பூங்கொடி உள்ளே வந்தார். கையில் மருந்து டப்பா. கண்ணுக்குக் கீழே கரி பூசியது மாதிரி இருந்தது. முந்தின நாள் இரவு டூட்டி முடித்தவர், காலையில் வர வேண்டிய ஆள் வராததால் அப்படியே தொடர்ந்து நின்றுகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வார்டில் யார் வரவில்லை, யார் வேலையை விட்டார்கள் என்பதெல்லாம் லிஃப்டுக்குத்தான் முதலில் தெரியும்.

"ஏனுங்கண்ணா, சித்தெ உக்காந்துக்கட்டுங்களா?"

கொஞ்ச நேரம் உட்கார என் ஸ்டூலைத்தான் கேட்டார். கேன்டீனில் கழித்துப்போட்ட மர ஸ்டூல். ஒரு கால் குட்டை, அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தேன். நான் எழுந்து நகர்ந்து நின்றேன். அவர் உட்கார்ந்தார். மருந்து டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கதவு முழுதாக மூடுவதற்குள் தூங்கிவிட்டார்.

அது கட்டில் ஏற்றும் பெரிய லிஃப்ட். கிழடு. முனகிக்கொண்டு மெதுவாகத்தான் ஏறும். நான் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தூங்கும் பெண்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. நான்காம் மாடியில் எப்படி எழுப்புவது என்று யோசித்தபடியே போனேன். தொட்டு எழுப்ப முடியாது. கூப்பிடவும் எனக்கு வாய் வராது.

லிஃப்ட் நின்றது. மோட்டார் சத்தம் அடங்கிய அந்த நொடியில் சிஸ்டர் கண்ணைத் திறந்தார். கதவு திறக்கும்போது நடக்கவே ஆரம்பித்திருந்தார்.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"எப்படிங்கம்மா கரெக்டா முழிச்சுக்கறீங்க?"

சிரித்தார். "எங்கூடு சோமனூருங்கண்ணா. ஊட்டுக்குள்ளயே தறி. தொட்டில்ல கெடந்த நாள்லருந்து சத்தத்துலயே தூங்கிப் பழகுன ஒடம்பு. சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும். எங்கூர்ல கரண்டு போனா தெருவே எந்திரிச்சு உக்காந்துக்கும்."

"அப்படிங்களா."

"உங்க லிஃப்டு எங்கப்பன் தறியாட்டமே கத்துதுங்க."

"ஆயில் போடச் சொல்லி எழுதிக் குடுத்துருக்கறேனுங்கம்மா."

"ஐயோ, போட்டுறாதீங்கண்ணா!"

அப்படித்தான் அது வழக்கமானது. கீழே ஆய்வகத்தில் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு மேலே போகும்போது, மருந்து வாங்கிக்கொண்டு மேலே போகும்போது, சிஸ்டர் பூங்கொடி கீழிருந்து நான்கு வரைக்கும் தூங்குவார். கதவு திறந்தால் எழுந்து போவார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

நாற்காலிகள் போன வழி

வார்டில் உட்கார இடமில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது.

ஒவ்வொரு மாடியிலும் சிஸ்டர்கள் நின்று எழுதும் மேசைக்குப் பின்னால் நாற்காலிகள் இருந்தன. ஒரு நோயாளியின் சொந்தக்காரர் புகார் சொன்னார். கூப்பிட்டால் உட்கார்ந்துகொண்டிருந்து எழுந்து வருகிறார்களாம். எழுந்து வந்தார்கள் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார், பாருங்கள். ஆனால் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. நிர்வாகத்துக்கும் பொறுக்கவில்லை. நின்றுகொண்டிருந்தால்தான் சுறுசுறுப்பாகத் தெரியுமாம். டாக்டருக்கென்று ஒன்றை விட்டுவிட்டு மற்ற நாற்காலிகளை எல்லா மாடியிலிருந்தும் இறக்கச் சொன்னார்கள்.

என் லிஃப்டில்தான் இறங்கின. நாற்காலிமேல் நாற்காலியாக அடுக்கி, நோயாளியைக் கொண்டுபோவது மாதிரி பத்திரமாகக் கொண்டுபோனோம். கீழே வரவேற்பறையில், பார்வையாளர்கள் உட்கார்ந்து டிவி பார்க்கிற இடத்தில் போட்டார்கள்.

அதே மாதம்தான் செவிலியர் தினம் வந்தது. வாசலில் பெரிய பேனர். வெள்ளை உடையில் ஒரு பெண், பின்னால் ஒளிவட்டம், கீழே 'நடமாடும் தெய்வங்கள்' என்று கொட்டை எழுத்து. ஆளுக்கொரு ரோஜாப்பூ. ஒரு துண்டு கேக்.  தெய்வம் என்று சொல்லிவிட்டால் நாற்காலி போட வேண்டியதில்லை. சாமிதான் எந்தக் காலமும் நின்றுகொண்டே இருக்கிறதே. சாமிக்கு மூத்திரம் வராது. சாமிக்குக் கால் வீங்காது. சாமி சம்பளத்தோடு விடுப்பும் கேட்காது.

கொரோனாவின்போது ஊரே கைதட்டியது எல்லாருக்கும் நினைவிருக்கும். நானும்தான் போத்தனூரில் என் வீட்டு வாசலில் நின்று தட்டினேன். தட்டின கையோடு எல்லாரும் உள்ளே போய்விட்டோம்.

பெட்டிக்குள் தெரிவது

லிஃப்ட் ஓட்டுபவனை யாரும் ஆளாகப் பார்ப்பதில்லை. எனக்கு அது வசதிதான். கூச்ச சுபாவக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. என் முன்னால் எல்லாரும் எல்லாம் பேசுவார்கள். சிலர் பேசாமலே வருவார்கள், அதிலும் எல்லாம் தெரியும்.

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் முதலில் நோயாளியைப் பெயர் சொல்லிப் பேசுவார்கள். சரஸ்வதியம்மா இன்னைக்கு எந்திரிச்சு நடந்தாங்க என்பார்கள். கொஞ்ச நாள் போனால் சரஸ்வதியம்மா போய், ஏழாம் நம்பர் பெட் வந்துவிடும். அதற்குப் பிறகு கேலி கிண்டல் நிற்கும். பிறகு வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அப்போதும் கோபம் மட்டும் மிச்சமிருக்கும். நிர்வாகத்தைத் திட்டுவார்கள், சொந்தக்காரர்களைத் திட்டுவார்கள், மேலே போகிற என் லிஃப்டையும் திட்டுவார்கள். திட்டுகிற வரைக்கும் எனக்குப் பயமில்லை. ஒரு நாள் அதுவும் நின்றுபோகும். எது சொன்னாலும் 'சரிங்க' என்பார்கள். அந்தச் 'சரிங்க' வந்தபிறகு ரொம்ப நாள் இருக்க மாட்டார்கள். வேலையை விட்டுப் போவார்கள், அல்லது இருந்துகொண்டே போய்விட்டிருப்பார்கள்.

டாக்டர்களும் அப்படித்தான். ஒரு சின்ன வயது டாக்டர், லிஃப்டின் எவர்சில்வர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு வருவார். எந்த மாடிங்க என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்கண்ணா" என்பார்.

இதற்கெல்லாம் இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் அது சிஸ்டர்களுக்குள்ளே இருக்கிற ஏதோ கோளாறு மாதிரிப் பேசுகிறார்கள். மனசை உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். மூச்சை இழுத்து விட வேண்டுமாம். மூன்று பேர் செய்கிற வேலையை ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு, உனக்கு மனசு பலவீனம் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

சிஸ்டர் பூங்கொடி அந்தச் 'சரிங்க' நிலைக்கு இன்னும் போகவில்லை. தினமும் தயிர்சாதம் கொண்டுவருவார். மதியம் உண்ண நேரம் கிடைக்காது. வார்டை விட்டுவிட்டுப் போனால் பார்க்க ஆளில்லை. சாயங்காலம் கீழே போகும்போது டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடுவார்.

"புளிச்சுப்போச்சுங்கண்ணா. எங்கம்மா பாலு ஊத்தித்தான் பெசைஞ்சு உடறாங்க. எத்தனை பாலைத்தான் ஊத்தறது?"

ருக்மணியக்கா

இங்கே நான் மில்லுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் மில்லில் ருக்மணியக்கா என்று ஒருவர் இருந்தார். அவருக்கென்று தனியாக மிஷின் கிடையாது. அடுத்தவர் இடத்தில் போய் நிற்பதுதான் அவர் வேலை. டீ குடிக்கப் போகிற நேரம், சாப்பிடப் போகிற நேரம், வயிற்றுவலி வந்த நேரம், அவர் வந்து தோளைத் தொடுவார்.

"போய்ட்டு வா கண்ணு, நான் நிக்கறேன்."

அவ்வளவுதான். நாம் போகலாம். திரும்பி வரும்வரைக்கும் அறுந்த நூலை அவர் ஒட்டிக்கொண்டிருப்பார். உண்ணும்போது நூலைப் பற்றி நினைக்கவே தோன்றாது. ருக்மணியக்கா நிற்கிறார் என்றால் நின்றதுதான்.

மில் முதலாளி நல்லவர் என்று சொல்ல வரவில்லை. கழிவறைக்குப் போனால் கதவைத் தட்ட ஆள் வைத்திருந்தவர் அவர். மிஷின் முன்னால் ஆள் இல்லாவிட்டால் நூல் வீணாகும், அவருக்கு நஷ்டம். அதனால் மாற்றிவிட ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்தார். லாபத்துக்காகத்தான் செய்தார். ஆனால் செய்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் நான் ருக்மணியக்கா மாதிரி ஒருத்தரைத் தேடினேன். ஒவ்வொரு மாடியாக லிஃப்ட் நிற்கும்போது பார்ப்பேன். இருப்பார் என்று நிச்சயமாக நினைத்தேன். பஞ்சுநூலுக்கே ஒரு ஆள் நிற்கும்போது, மூச்சுவிடக் குழாய் மாட்டியிருக்கிற மனுஷிக்கு நிற்காமல் இருக்குமா? இல்லை. கடைசிவரைக்கும் இல்லை. நூல் அறுந்தால் யாருக்கு நஷ்டம் என்று மில்லில் தெளிவாக இருந்தது. இங்கே சிஸ்டர் அறுந்தால் நிர்வாகத்துக்கு நஷ்டமில்லை. வாசலில் வேலைக்கு ஆள் தேவை என்று ஒரு போர்டு மாட்டினால் போதும்.

படம்

நான்காம் மாடியில் ஒரு வயதான அம்மா சேர்ந்திருந்தார். அவருடைய மகன் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர், கழுத்தில் தடிமனான சங்கிலி போட்டிருப்பார். பார்வை நேரம் முடிந்தபிறகும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் நிற்பார். பெண்கள் வார்டு, வெளியே போங்க என்று சிஸ்டர் பூங்கொடி சொல்லியிருக்கிறார். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் அவர் கீழே லிஃப்டில் ஏறினார். சிஸ்டர் ஏற்கெனவே ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலக் கதவைப் பார்த்து நின்றேன். பின்னால் 'க்ளிக்' என்று கேட்டது. திரும்பினேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் நின்றது. சிஸ்டர் விழித்தார். அந்த மகனைப் பார்த்து, "அம்மாவுக்குச் சுகர் கொறைஞ்சிருக்குதுங்க, டாக்டர் நாளைக்கு ஊட்டுக்குப் போலாம்னு சொல்லிருக்கறாருங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டார். என்ன மனுஷன்!

படம் நிர்வாகத்துக்குப் போனது. அவருடைய ஸ்டேட்டஸிலும் போனது. 'டூட்டி நேரத்தில் உறங்கும் நர்ஸ். பணம் மட்டும் விழித்திருக்கிறது' என்று வாசகம். அதில் இரண்டாவது பாதி உண்மைதான், ஆனால் அது சிஸ்டரிடம் போகிற பணம் இல்லை.

எச்.ஆர். மேடம் சிஸ்டரைக் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார். எல்லா ஊழியர்களும் கூடுகிற கூட்டம் ஒன்று வருகிறது, அதில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போக வேண்டும், அனுபவச் சான்றிதழ் தர மாட்டார்கள். படித்த சர்டிபிகேட்டுகளின் அசலும் வேலையில் சேரும்போதே வாங்கி அவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அந்த அனுபவக் காகிதம் இல்லாமல் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனால் நேற்றுப் படிப்பு முடித்த பெண்ணுக்குக் கொடுக்கிற சம்பளத்தில்தான் தொடங்க வேண்டும். செய்த வருடங்கள் எல்லாம் இல்லை என்று ஆகிவிடும்.

லிஃப்டில் அன்று அவர் உட்காரவில்லை. ஸ்டூலை நான் தள்ளி வைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

"எனக்கு இந்த வேலையத் தவிர வேறொண்ணும் தெரியாதுங்கண்ணா. புடிச்சுத்தான் வந்தேன். எங்கப்பன் தறியப் பாத்துக்கன்னாரு, நாந்தான் அடம் புடிச்சு நர்ஸிங் சேந்தேன்."  பிறகு, "கேட்டுப்போடலாமுங்களா? ரெண்டே வார்த்தைதான?" என்றார்.

 நான்காம் மாடி வந்துவிட்டது.

பலூன்

அந்தக் கூட்டம் எதற்குத் தெரியுமா? ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்கு! வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். ஐந்தாம் மாடி அரங்கத்தில், காலை டூட்டி மாறுகிற நேரத்தில் வைத்தார்கள். இரவு முழுக்க நின்றவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. வந்ததற்குக் கைரேகை வைத்துவிட்டு உட்கார வேண்டும். அரங்கம் நிறைந்து தெரிய வேண்டும் என்று துப்புரவு ஆட்கள், காவலாளிகள், என்னையும் சேர்த்து வரச் சொல்லியிருந்தார்கள். லிஃப்டை ஒரு காவலாளியிடம் விட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உட்கார எல்லாருக்கும் நாற்காலி இருந்தது. மெத்தை வைத்த நாற்காலி.  இத்தனை நாற்காலிகளை ஐந்தாம் மாடியில் பூட்டி வைத்துக்கொண்டா நான்காம் மாடியில் நிற்க வைத்தார்கள்!

பயிற்சியாளர் ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். மனதில் இருக்கிற பாரத்தையெல்லாம் பலூனுக்குள் ஊதச் சொன்னார். பிறகு குண்டூசியால் குத்தி வெடிக்கச் சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி சிஸ்டர் ஷாஹிதா. கோட்டைமேட்டுப் பெண், வாய் சும்மா இருக்காது. "கீழ நாலாம் மாடில ஆபரேஷன் பண்ணுன பொம்பளைங்க படுத்திருக்காங்க. இவரு இங்க வெடி வெடிக்கறாரு. இது ஆஸ்பத்திரியா, தீவாளியான்னு கேளுங்கண்ணா" என்றார். நான் எங்கே கேட்பது?

அடுத்து சிரிப்புப் பயிற்சி. ஹா ஹா என்று சொல்லச் சொன்னார். சொன்னோம். அந்த நேரத்தில் யாருடைய போனோ 'டிங் டிங்' என்று அடித்தது. வார்டில் கட்டில் பக்கத்தில் அழுத்துகிற மணிச் சத்தம் போலவே இருந்தது. மூன்று வரிசை சிஸ்டர்கள் பாதி எழுந்துவிட்டார்கள். போன்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்தார்கள். பயிற்சியாளர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்ததை நான் மறக்க மாட்டேன்.

பிறகு எச்.ஆர். மேடம் மைக்கைப் பிடித்தார். பொறுப்புணர்வு பற்றிப் பேசினார். பெரிய திரையில் படம் வந்தது. என் லிஃப்ட். என் ஸ்டூல். மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு தூங்குகிற சிஸ்டர் பூங்கொடி. கண்ணுக்குமேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். குற்றவாளிகளுக்குப் போடுவார்களே, அது மாதிரி.

"யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களே எழுந்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார் மேடம்.

சிஸ்டர் எழுந்தார். கையில் இன்னும் வெடிக்காத பலூன் இருந்தது.

"நாந்தானுங்க அது. தூங்குனேனுங்க. இல்லைங்கல. மொத நாள் ராத்திரியிலருந்து நின்னுட்டிருந்தேனுங்க. அன்னைக்குப் பதினொண்ணாம் பெட்டுல ஒரு அம்மாளுக்கு ஊசி போடறப்ப என்ற கை நடுங்கிப்போச்சுங்க. அந்தம்மா வலிக்குதுன்னுகூடச் சொல்லல, என்ற கையப் புடிச்சுட்டு, நீ உண்டியா கண்ணுன்னு கேட்டாங்க. அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க. வேற ஆருகிட்டயும் கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்க."



"இது மன்னிப்பு இல்லம்மா" என்றார் மேடம்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தபோதுதான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. 

"ஸ்டூலு என்னுதுங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள்.

"மில்லுலங்க... உண்ணப் போனா ஒரு ஆளு வந்து நிக்குமுங்க. ருக்மணியக்கான்னு... நூலுக்குங்க. இங்க ஆளு... ஆளு இல்லீங்க."

அதற்குமேல் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை நேரம் உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேனே, இதெல்லாம் அன்றைக்கு அந்த அரங்கத்தில் சொல்லியிருக்க வேண்டியது. வரவில்லை.

"உக்காருங்கண்ணா" என்றார் மேடம், குழந்தைக்குச் சொல்வது போல.

"வேண்டாமுங்க மேடம்" என்று பக்கத்திலிருந்து ஷாஹிதாவின் குரல் வந்தது. "அண்ணன் நிக்கட்டும். உக்காந்தா போட்டோ எடுத்துருவாங்க."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு முன்னால் பலூன் சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை. துப்புரவு அம்மாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அந்தச் சத்தத்தில்தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய அறுவை சிகிச்சை டாக்டர் விழித்துக்கொண்டார். பாவம், ஆபரேஷன் முடித்து நேராக வந்தவர், எப்போது தூங்கினார் என்று யாருக்கும் தெரியாது. திடுக்கிட்டு எழுந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, "எந்த பெட்? எந்த பெட்?" என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது.

அவர் சுற்றிலும் பார்த்தார். திரையில் தூங்குகிற சிஸ்டரைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். அவரை யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. நான் சொல்வது அதுதான்.

"மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்" என்று மேடம் கூட்டத்தை முடித்தார். பயிற்சியாளர் குண்டூசிகளைத் திரும்ப வாங்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது

காவலாளியிடமிருந்து லிஃப்டை வாங்கிக்கொண்டேன். சிஸ்டர் பூங்கொடியும் ஷாஹிதாவும் ஏறினார்கள். ஸ்டூல் அங்கேயே இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். யாரும் உட்காரவில்லை.

"ஆருங்கண்ணா அந்த ருக்மணியக்கா?" என்று ஷாஹிதா கேட்டார்.

சொன்னேன். லிஃப்டுக்குள் எனக்கு வாய் வரும். தோளைத் தொடுவது, 'நான் நிக்கறேன்' என்று சொல்வது, எல்லாம் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு மத்தியானம் நான் நாலாவதுக்கு வாரேன்" என்றார் ஷாஹிதா. "என் வார்டுல அந்த நேரம் ரெண்டு பேரு இருப்போம். பூங்கொடி, நீ போய் உண்டுட்டு வா. பொறவு நீ எனக்கு நில்லு."

"உனக்கே நிக்கக் கால் இல்ல. நீ எனக்கு நிக்கறயா?"

"அதான் சொல்றேன். ஒரு கால் உன்னுது, ஒரு கால் என்னுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் என் கோபம் இன்னும் கூடிப்போயிற்று. இது ஆஸ்பத்திரி செய்ய வேண்டிய வேலை. ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டிய வேலை. தேய்ந்துபோன ஒருத்தி, தேய்ந்துபோன இன்னொருத்திக்குத் தன் மிச்சத்தைக் கொடுக்கிறாள். அதையும் திருட்டுத்தனமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்து 'ஆஹா, என்ன ஒற்றுமை' என்று யாராவது மெச்சினால் எனக்கு ஆகாது. அடுத்த வருடம் இதையும் பேனரில் போட்டுவிடுவார்கள்.

மறுநாள் நான் போனபோது லிஃப்டில் ஸ்டூல் இல்லை. நோயாளியோடு வராத ஊழியர்கள் படிக்கட்டில் போகவும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சிஸ்டர் பூங்கொடியை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு மெமோ கொடுத்தார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் நான்காம் மாடியில் நிற்க ஆள் இல்லை. மதியம் ஷாஹிதா படியேறி நான்காம் மாடிக்குப் போனார். பூங்கொடி டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சோறு புளிக்கவில்லை என்று சாயங்காலம் வாசலில் பார்த்தபோது என்னிடம் சொன்னார்.